செவ்வாயில் வெட்டாத கால்வாய்

கூடலூர்க்காரர்களுக்குக் கால்வாய் என்றால் என்னவென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணே விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டதனால் பிழைத்தது நம்முடைய பள்ளத்தாக்கு. 1887-ம் வருஷம் தொடங்கிய அந்த வேலையைக் கர்னல் பென்னிகுயிக் முடித்துக் கொடுக்க, 1895-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னைக் கவர்னராயிருந்த வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இன்றைக்கும் ஜனவரி 15-ந் தேதி அந்த வெள்ளைக்காரர் பிறந்த நாளென்று இங்கே பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி போனதில் சந்தோஷப்பட்ட குடும்பங்களே அவருடைய படத்தை மட்டும் சுவரிலிருந்து இறக்கவில்லை.

அதே 1895-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பெர்ஸிவல் லோவல் என்ற தனவந்தர் 'செவ்வாய்' என்ற பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இவர் பாஸ்டன் நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை. ஜப்பானிலும் கொரியாவிலும் சில காலம் சுற்றிவிட்டு, அரிஸோனா பிரதேசத்தில் ஒரு குன்றின்மேல் 1894-ம் வருஷம் சொந்தச் செலவில் வான ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டு செவ்வாயைப் பார்க்க உட்கார்ந்தார். பார்த்துச் சொன்ன செய்தி இதுதான்: செவ்வாய் கிரகம் வறண்டுகொண்டே வருகிறது; அங்குள்ள அறிவு மிக்க ஜனங்கள் இரு துருவங்களிலும் உருகும் பனிநீரை, கிரகத்தின் நடுப்பாகம் வரையில் நூல் பிடித்தாற்போல் நேரான கால்வாய்கள் வெட்டிக் கொண்டுவருகிறார்கள்.

கால்வாய் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அவரல்ல. 1877-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து மிலான் நகரிலிருந்து ஸ்கியாபரெல்லி என்ற வானசாஸ்திரி செவ்வாயின்மேல் மெல்லிய கோடுகள் சிலவற்றைக் கண்டு 'கனாலி' என்று குறித்துவைத்தார். இத்தாலிய பாஷையில் அந்தச் சொல் இயற்கையாக அமைந்த நீரோடைக்கும் பொருந்தும். இங்கிலீஷில் போனதும் அது 'கெனால்' ஆகிவிட்டது. கெனால் என்றால் வெட்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்பொழுது சூயஸ் கால்வாய் திறந்து எட்டு வருஷந்தான் ஆகியிருந்தது. உலகமெல்லாம் கால்வாய்ப் பேச்சு. கெனால் என்ற சொல்லைச் சற்று அசைத்தால் தமிழில் கானல் என்று ஆகிவிடுகிறது. அந்தத் தமிழ்ச் சொல்லைப் பற்றி ஸ்கியாபரெல்லிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லோவலைப் பைத்தியக்காரர் என்று தள்ளிவிடுவது சுலபம். நமக்கு அது சம்மதமில்லை. அத்தனை தூரத்திலிருந்து ஒரு கால்வாய் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலைப் பாருங்கள்: 'தெரிவது கால்வாய் அல்ல, அதன் இரு கரையிலும் விளைந்திருக்கும் பசுமை' என்றார். குமுளி மலைச்சாலையில் பாதி வழி ஏறி, ஒரு திருப்பத்தில் நின்று கீழே பார்த்தவர்கள் இந்தப் பதிலைக் கேலி செய்யமாட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் வாய்க்காலோ மடையோ கண்ணுக்கு அகப்படாது. நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் சேர்ந்து, வறண்ட கரடுகளுக்கிடையில் ஒரு பச்சைப் பட்டையாகத் தெரியும். தண்ணீர் எங்கே போகிறதென்று அந்தப் பச்சையை வைத்தே சொல்லிவிடலாம். லோவலின் தர்க்கம் சரியானதே. அவர் பார்த்ததாகச் சொன்ன கோடுதான் அங்கே இல்லை.

இல்லாத கோடு எப்படித் தெரிந்தது? இதற்கு 1903-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் மாண்டர் என்ற வானசாஸ்திரி ஓர் அழகான பரீட்சை நடத்தினார். கிரீனிச்சில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுவர்களை வெவ்வேறு தூரத்தில் உட்காரவைத்து, செவ்வாயைப் போல வரைந்த ஒரு படத்தைக் காட்டி, தெரிவதை அப்படியே வரையச் சொன்னார். அந்தப் படத்தில் கால்வாய் கிடையாது. ஒழுங்கற்ற புள்ளிகளும் மங்கலான தீற்றல்களுமே இருந்தன. அப்படியிருந்தும் பையன்களில் பலர் நேரான கோடுகள் போட்டுக் கொடுத்தார்கள்.

உபாத்தியாயருக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? சில வருஷங்களுக்கு முன் நாமும் நம் ஒன்பதாம் வகுப்பில் அதைச் செய்து பார்த்தோம். ஒரு பெரிய காகிதத்தில் காவி நிறத்தில் வட்டம் போட்டு, அடுப்புக் கரியால் புள்ளிகளும் தேய்ப்புகளும் இட்டு, கரும்பலகைமேல் தொங்கவிட்டோம். முதல் பெஞ்சுக்காரர்கள் புள்ளியைப் புள்ளியாகவே போட்டார்கள். கடைசி பெஞ்சில் மொத்தமும் ஒரே மங்கல். நடு பெஞ்சில்தான் வேடிக்கை. ஒரு பையன் ஐந்து கோடுகள் போட்டு, இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு மடையும் போட்டிருந்தான். "இது என்னடா?" என்று கேட்டதற்கு, "பதினெட்டாங் கால்வாய், சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, லோயர் காம்ப்பிலிருந்து புறப்படும் அந்தக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் விளையும், திறக்காவிட்டால் விளையாது என்ற நிலையில் உள்ள குடும்பத்துப் பிள்ளை அவன். அவன் பொய் சொல்லவுமில்லை. எட்டியும் எட்டாததுமான தூரத்தில் உள்ள புள்ளிகளைக் கண் தானே சேர்த்துவிடுகிறது. சேர்த்த கோட்டுக்கு மனம் தனக்குத் தெரிந்த பெயரை வைத்துவிடுகிறது.

லோவலுக்கு இன்னும் விசேஷமான ஒன்று நேர்ந்தது. 1896-ம் வருஷத்தில் அவர் வெள்ளியைப் பார்த்து, அதிலும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் கோடுகள் இருப்பதாக வரைந்தார். வெள்ளியோ முழுவதும் மேகம் மூடிய கிரகம். தம்முடைய தூரதிருஷ்டிக் கண்ணாடியின் வாயை அவர் மிகவும் குறுக்கி வைத்திருந்ததனால், அது கண் வைத்தியர் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைப்போல் ஆகி, அவருடைய விழித்திரையின் இரத்தக் குழாய்களின் நிழலே அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அவரை நேராக எதிர்த்தவர்களில் நமக்குப் பிடித்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்ந்து பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்ன அதே வாலஸ்தான். 1907-ல், 84 வயதில், ஒரு சிறு புத்தகம் எழுதி, செவ்வாயில் உயிர் வாழ்வதற்கு வேண்டிய உஷ்ணமும் இல்லை, நீராவியும் இல்லை என்று வாதித்தார். அதிலே ஒரு வாதம் நம் ஊர் விவசாயி எவரும் சொல்லக்கூடியது: ஆயிரக்கணக்கான மைல் பாலைவனத்தின் குறுக்கே திறந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டால், போய்ச் சேருமுன் ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போய்விடாதா? அவ்வளவு அறிவுள்ளவர்கள் இவ்வளவு அறிவில்லாத காரியத்தைச் செய்வார்களா? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நம் ஜில்லாவில் வருஷந்தோறும் எழும் கூக்குரலைக் கேட்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் உடனே விளங்கும். 1909-ல் பிரான்ஸில் ஆண்டோனியாடி என்பவர் 83 சென்டிமீட்டர் கண்ணாடியால் பார்த்தபோது கோடுகள் கலைந்து ஒழுங்கற்ற திட்டுகளாகவே தெரிந்தன. சாஸ்திரிகளில் பெரும்பாலோருக்கு அத்துடன் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் கதாசிரியர்களுக்குத் தீரவில்லை; தீராமலிருந்ததே நல்லதாயிற்று என்று நினைக்கிறோம். எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் யுத்தம்' 1897-ல் பத்திரிகையில் தொடராக வந்து, மறு வருஷம் புத்தகமாயிற்று. தங்கள் கிரகம் குளிர்ந்துகொண்டே வருவதைக் கண்ட செவ்வாய்க்காரர்கள் பூமியின்மேல் கண் வைத்து, இங்கிலாந்தில் வந்து இறங்குகிறார்கள். இந்த நாட்டார் அதைப் படிக்கும்போது வேறு யாருக்கும் கிட்டாத ஒரு ருசி இருக்கிறது. நம்மைவிட வல்லமையான ஆயுதம் கொண்டவர்கள் கேட்காமல் வந்து இறங்கினால் எப்படியிருக்கும் என்பதை லண்டன்வாசிகள் கற்பனை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெல்ஸ் அதை மறைக்கவுமில்லை. டாஸ்மேனியா தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர் அழித்த கொடுமையைக் கதையின் தொடக்கத்திலேயே சொல்லி, செவ்வாய்க்காரர்களைக் குறை கூற நமக்கு என்ன உரிமை என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்.

அடுத்து வந்தவர் எட்கர் ரைஸ் பரோஸ். 1912-ல் அவர் எழுதத் தொடங்கிய செவ்வாய்க் கதைகளில் வற்றிய கடல்கள், கால்வாய்கள், செந்நிற ராஜகுமாரி, நான்கு கை படைத்த பச்சை வீரர்கள் எல்லாம் உண்டு. அமெரிக்கப் படைவீரன் ஒருவன் ஒரு குகையிலிருந்து எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறான். எப்படிப் போனான் என்று கேட்கக்கூடாது. நம் விக்கிரமாதித்தன் கதையில் கேட்கிறோமா? மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாம் இவற்றை ஒரு மழைக்காலம் முழுவதும் படித்துத் தீர்த்தோம். இலக்கியமாகப் பார்த்தால் வெல்ஸின் பக்கத்தில் வைக்கத் தகாது. ஆனாலும் கார்ல் ஸேகன் என்ற பெரிய கிரக ஆராய்ச்சியாளர், சிறுவனாயிருந்தபோது அந்தக் கதாநாயகனைப்போலத் தாமும் இரு கையையும் நீட்டிக்கொண்டு நின்று செவ்வாய்க்குப் போக முயன்றதாக எழுதியிருக்கிறார். ராபர்ட் காடர்ட் என்பவர் வெல்ஸின் கதையைப் படித்த பித்தில், 1899-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி தம் வீட்டுச் செர்ரி மரத்தின்மேல் ஏறியிருந்தபோது, செவ்வாய்க்குப் போகும் ஒரு யந்திரத்தைக் கனவு கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 17. திரவ எரிபொருளில் பறந்த முதல் ராக்கெட்டை 1926-ல் விட்டவர் அவரே. பொய்யான கால்வாயில் மெய்யான தண்ணீர் இப்படிக் கொஞ்சம் பாய்ந்தது.

வெள்ளியின் கதை இதைவிடப் பரிதாபமானது. மேகத்துக்குக் கீழே எதுவும் தெரியாததனால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆயிற்று. மேகம் என்றால் நீர். நீர் என்றால் சதுப்பு நிலம். சதுப்பு என்றால் காடு. இப்படிச் சொன்னவர் கதாசிரியர் அல்ல. நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி அரீனியஸ், 1918-ல். அதன்பின் கதைக்காரர்கள் அந்தச் சதுப்பில் ராட்சசப் பல்லிகளையும் கடற்கொள்ளைக்காரர்களையும் தாராளமாக உலாவவிட்டார்கள். இதிலே விசித்திரம் என்னவென்றால், காற்றிலுள்ள கரியமில வாயு மிகுந்தால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு ஏறும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவரும் அந்த அரீனியஸ்தான். அந்தக் கணக்கை அவர் வெள்ளியில் போட்டுப் பார்க்கவில்லை. 1932-ல் அங்கே கரியமில வாயு இருப்பது தெரிந்தது. 1962-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் மாரினர் 2 அருகே பறந்து, அது கொதிக்கும் கிரகம் என்று உறுதி செய்தது. 1970-ல் ரஷ்யரின் வெனீரா 7 தரையில் இறங்கியே செய்தி அனுப்பியது. அங்கே உஷ்ணம் சுமார் 460 டிகிரி. ஈயம் உருகி ஓடும். காற்றின் அழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்குக்கு மேல். மேகங்களில் உள்ளது கந்தகத் திராவகம். நம்மிடையே எதிர்பாராமல் பணம் சேர்ந்தவனைப் பார்த்துச் 'சுக்கிர திசை அடிக்கிறது' என்கிறோம். உண்மையில் அடித்தால் என்ன ஆகும் என்று வெனீரா 13 சொல்லும். 1982-ல் அங்கே இறங்கிய அந்த இரும்புக்கூடு 127 நிமிஷம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

வெள்ளிக்காகப் பாடுபட்டவர்கள் நம் கடற்கரையிலும் இருந்திருக்கிறார்கள். லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்கென்று 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேருமுன் அந்த ஊரை இங்கிலீஷார் பிடித்துக்கொண்டார்கள்; 1761-ல் ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததெல்லாம் கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து, புதுச்சேரியிலும் ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக்கொண்டார். 1769-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கிட ஆரம்பித்திருந்தார்கள். 1874-ம் வருஷக் கடப்பின்போது சென்னை வான ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், இங்கிலீஷ் தெரியாதவர்களும் விஷயத்தை அறியவேண்டும் என்று தேச பாஷைகளிலும் சிறு பிரசுரம் கொண்டுவந்தார். அவருடைய படத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. பென்னிகுயிக்குக்குக் கிடைத்த பொங்கலில் ஒரு பிடி அவருக்கும் வைக்கலாம்.

செவ்வாய்க்குத் திரும்புவோம். 1965-ம் வருஷம் ஜூலை மாதம் மாரினர் 4 அதன் அருகே பறந்து 22 படங்கள் எடுத்தது. ஒவ்வொரு படமும் வெறும் எண்களாக வந்துசேரப் பல மணி நேரம் பிடித்ததனால், பொறுமையிழந்த பொறியாளர்கள் எண்களைக் காகிதத்தில் ஒட்டி, வர்ணக் கட்டிகளால் கையாலேயே தீட்டிப் படம் பார்த்தார்களாம். அதில் கால்வாயும் இல்லை, ராஜகுமாரியும் இல்லை. சந்திரனைப் போன்ற பள்ளங்களே இருந்தன. காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தனையும் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் சற்று வாடிவிடுவது உண்மை. ஆனால் நம் கவலை அதைப் பற்றியதல்ல. லோவல் போட்ட கோட்டை உலகம் அழித்துவிட்டது. நம் வீடுகளில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. செவ்வாய் தோஷத்தைச் சொல்லுகிறோம்.

ஜாதகத்தில் லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து. கணக்கு வாத்தியாராக அல்லாதவரும் போட்டுப் பார்க்கலாம்: நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தோஷக்காரர்கள் ஆகிறார்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்ப்பவர்கள் வேறு உண்டு. அப்படி எண்ணினால் தப்புவோர் சிலரே. அதற்காகவே விலக்குகள் என்று ஒரு நீண்ட ஜாபிதா வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் தோஷத்துக்கு விலக்கு சீக்கிரம் அகப்பட்டுவிடுகிறது. பெண்ணின் தோஷத்துக்குத்தான் தேடவேண்டியிருக்கிறது.

நம் தமையனாரின் பெண் விவசாயக் கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவள். செவ்வாய் அவளுக்கு எட்டில் இருக்கிறதாம். ஐந்து வருஷமாக வரன்கள் வந்து, ஜாதகத்தைப் பார்த்து, 'பிறகு சொல்லி அனுப்புகிறோம்' என்று எழுந்துபோகிறார்கள். வைத்தீசுவரன் கோயிலுக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. சுவாமி தரிசனத்தில் நமக்குக் குறையில்லை. ஆனால் தமையனார் அங்கிருந்து திரும்பும்போது நடையில் தெரிந்த தளர்ச்சியை நாம் பார்த்தோம்.

நம் நாடு செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யான், 2013-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. புறப்பட்ட நேரம் பிற்பகல் 2 மணி 38 நிமிஷம். ராகுகாலம் தொடங்க 22 நிமிஷம் இருந்தது, ஆகவே இரு கட்சிக்காரர்களும் திருப்திப்படலாம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன் அந்தத் திட்டத்தை நடத்தியவர். சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில், 2014-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி அது செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கென்று திட்டமிட்டது ஏறத்தாழ எட்டு வருஷம் உழைத்து, 2022-ல் மௌனமாயிற்று. அது அனுப்பிய முழுவட்டப் படம் ஒன்றை நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஒரு நாள் அந்தப் பெண் அதன்முன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்ததா என்று சொல்வதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் பார்த்துவிட்டு, அப்பொழுதும் 'இருக்கலாம்' என்கிறார்கள்! என் விஷயத்தில் ஒருவரும் தயங்கவே இல்லையே?" என்றாள்.

அவளுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கவில்லை. தண்ணீர் விஷயத்துக்கு மட்டும் விடை இருந்தது, அதைச் சொன்னோம். 1971-ல் செவ்வாயைச் சுற்றிய மாரினர் 9, கால்வாய்க்குப் பதிலாக வேறொன்றைக் கண்டுபிடித்தது: வற்றிப்போன ஆற்றுப் படுகைகள். கிளை பிரிந்து, வளைந்து, எந்த ஜீவனும் வெட்டாமல் தாமே ஓடிய ஆறுகள். முந்நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு நம் சமஸ்கிருதப் பெயரால் மங்கள பள்ளத்தாக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2021-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி இறங்கிய பெர்ஸிவரன்ஸ் என்ற யந்திரவண்டி, பழைய ஏரி ஒன்றில் ஆறு வந்து விழுந்த முகத்துவாரத்துக் கற்களைத் துளைத்துப் பார்த்தது. அங்கே சூரியன் அஸ்தமிக்கும்போது ஆகாயம் நீலமாயிருக்கும். எந்தக் கதாசிரியரும் அதை நினைத்துப் பார்த்ததாக நமக்குத் தெரியவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மண் எப்படி?" என்று கேட்டாள். விவசாயம் படித்தவள் அல்லவா? இரும்புத் துருவால் சிவந்த மண், அதில் பெர்க்குளோரேட் என்ற விஷ உப்புக் கலந்திருக்கிறது என்றோம். "கழுவினால் போய்விடும், தண்ணீர்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சென்ற மாதம் வகுப்பில் ஷெர்காட்டிக் கல்லைப் பற்றிச் சொன்னோம். 1865-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் வானத்திலிருந்து விழுந்த கல் அது. ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. எங்கிருந்து வந்ததென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. 1976-ல் வைக்கிங் யந்திரங்கள் செவ்வாயின் காற்றை அளந்தன. பிறகு அண்டார்ட்டிக்காவில் கிடைத்த அதே இனத்துக் கல் ஒன்றின் கண்ணாடித் துளிகளுக்குள் அடைபட்டிருந்த வாயு, அந்தக் காற்றோடு ஒத்திருப்பதை 1983-ல் கண்டார்கள். ஆகவே ஷெர்காட்டிக் கல்லும் செவ்வாயிலிருந்து பெயர்ந்து வந்ததுதான். மங்கள்யான் அங்கே போவதற்கு 148 வருஷத்துக்கு முன்பே செவ்வாய் நம் தேசத்துக்கு வந்துவிட்டது.

நடு பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அது விழுந்த ஊர்க்காரர்களுக்குச் செவ்வாய் எத்தனையாவது வீட்டில், சார்?" என்று கேட்டான்.

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம்.